கலர் வந்த வருஷம்

போன வாரம் பிளானோ பூங்காவில் நாம் ஐந்து பேரும் காலை நடை போய்க்கொண்டிருந்தோமே, அப்போது நம்மில் ஒருத்தி மகனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் படத்தை போனில் காட்டினாள். "பொண்ணு நல்ல கலர்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். சும்மா வந்துபோகிற சிரிப்பு இல்லை, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாகிவிட்டது. அவள் முகம் சுருங்கிப்போனது. "என்னப்பா, அப்படி என்ன தப்பா சொல்லிட்டேன்?" என்றாள். நீங்கள் எல்லாரும் என்னையே பார்த்தீர்கள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லையடி. அந்த ஒரு வார்த்தை என்னை ஐம்பது வருஷத்துக்குப் பக்கமாகப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நீங்கள் எல்லாம் டிகிரியும் தாலியுமாக இந்த நாட்டுக்கு வந்தவர்கள். நான் பத்து வயதில், முகம் நிறைய பவுடரோடு வந்தவள். அந்த முதல் வருஷத்தைப் பற்றி உங்களிடம் இதுவரை சொன்னதில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து நாங்கள் கிளம்பிய அன்று வீடு நிறைய ஆட்கள். அம்மா நர்ஸ் வேலைக்காக இரண்டு வருஷம் முன்பே நியூ ஜெர்சி போய்விட்டிருந்தாள். இப்போது அப்பா, அக்கா, நான் மூவரும் அவளிடம் போகிறோம். அப்பா வீட்டில் எல்லாரும் நல்ல கலர். அக்கா அந்தப் பக்கம். நான் அம்மா பக்கம். அம்மாவைப் பெண் பார்த்துவிட்டுப் போன அத்தை, "நர்ஸ் வேல இருக்கு, கலர்தான் இல்ல" என்று சொன்னது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அதை அத்தையே சிரித்துக்கொண்டு சொல்லுவாள். எனக்குச் செல்லப் பெயரே கறுப்பி.

ஜெபம் முடிந்ததும் அத்தை என் தாடையைப் பிடித்தாள். "கவலப்படாதட்டி கறுப்பி. அமெரிக்காக் குளிருக்கும் அந்தத் தண்ணிக்கும் ஒரே வருசத்துல கலர் வந்துரும். கிறிஸ்மஸுக்கு போட்டோ எடுத்து அனுப்பு, பாப்போம்."

நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். வெளிநாடு போய்த் திரும்பியவர்கள் எல்லாரும் பளபளவென்று வந்து இறங்குவதைப் பார்த்திருந்தேனே! ஆகஸ்டில் வந்து சேர்ந்தோம். கிறிஸ்துமஸுக்கு நாலு மாதம் இருந்தது. ஒவ்வொரு காலையும் குளியலறையில் மருந்து அலமாரியின் வெளிர்மஞ்சள் கதவில் முழங்கையை ஒட்டிவைத்துப் பார்ப்பேன். குழாயைத் திறந்து இரண்டு டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடிப்பேன். வயிறுதான் நிறைந்தது. அக்டோபரிலும் கை அப்படியே இருந்தது. அத்தை மாதம் தவறாமல் ஏரோகிராம் கடிதம் எழுதுவாள். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: சின்னவளுக்குக் கலர் வந்ததா?

எங்கள் வீடு ஒரு கடைக்கு மேல் மாடி. கீழே பியூட்டி பார்லர். அதை நடத்தியவர் ஒரு கறுப்பினப் பெண்மணி. நல்ல உயரம், சங்கிலி கோத்த மூக்குக்கண்ணாடி, கொண்டையில் செருகிய பென்சில். பள்ளி மூன்று மணிக்கு விட்டுவிடும். அம்மா டியூட்டி முடிந்து வர ஐந்தரை ஆகும். அப்பாவுக்கும், தூரத்து ஹைஸ்கூலில் படித்த அக்காவுக்கும் அதைவிட நேரமாகும். ஒரு மழை நாளில் நான் மாடிப்படியில் புத்தகப்பையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவர்தான் அம்மாவிடம் வந்து, பிள்ளை அந்த நேரத்தில் என் கடையில் இருக்கட்டும் என்றார். அம்மாவுக்கு வேறு வழியில்லை. ஒப்புக்கொண்டாள். ஆனால் மேலே வந்ததும் என் காதைப் பிடித்தாள்.

"ஏட்டி, அங்க போயி எதையும் தொடாத. குடுத்தா வாங்காத. அவிய கூட ரொம்ப ஒட்டாத. ஸ்கூல் புக்க எடுத்து வச்சுப் படி."

இதைச் சொன்ன அம்மா அந்த பார்லரில் போய் நின்றிருந்தால் வெளியாள் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த வேடிக்கை அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நான் அவரை ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். "நான் எப்போ உனக்கு ஆன்ட்டி ஆனேன்?" என்று கேட்டார். எங்கள் ஊரில் பெரியவர்கள் எல்லாரும் ஆன்ட்டிதான் என்றேன். அந்தப் பதில் பிடித்துவிட்டது போலிருக்கிறது, அதற்குப்பின் வந்தவர் போனவரிடமெல்லாம் தன்னை என் ஆன்ட்டி என்றே சொல்லிக்கொண்டார். அவர் பேசியது எல்லாம் இங்கிலீஷ்தான். என் ஞாபகத்தில் அது எப்படியோ தமிழாகவே இருக்கிறது.

முதல் நாளே என் முகத்தைத் திருப்பிப் பார்த்தவர், பஞ்சை நனைத்துக் கன்னத்தைத் துடைத்தார். பஞ்சு வெள்ளையாக வந்தது. "யாரு பேபி உனக்கு மாவு பூசினது?" என்றார். ஊரிலிருந்து டின் டின்னாகக் கொண்டுவந்திருந்த மல்லிகைப்பூ வாசனை பவுடர் அது. அதை மாவு என்றதில் எனக்குக் கோபம். ஆனால் முதல் வாரம் யெஸ், நோ தவிர எதுவும் பேசக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன்.

அந்த இடத்தின் வாசனையை எப்படிச் சொல்வது? சுருள் முடியை நீட்டும் சூடான இரும்புச் சீப்பில் எண்ணெய் பட்டுக் கிளம்பும் புகை, புதினா மிட்டாய், ஈரத் துண்டு, எல்லாம் சேர்ந்த வாசனை. சுவரோரம் நாலு நாற்காலி. ஒவ்வொன்றுக்கும் மேலே தலையைக் கவிழ்த்துக்கொள்ளும் முடி உலர்த்தி, இட்லிச் சட்டி மூடி மாதிரி. அவை ஓடும்போது பெண்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் கத்திப் பேசுவார்கள். ஜன்னலுக்குக் கீழே ஒரு நீள அலமாரி. அதில்தான் அவை இருந்தன.

பத்திரிகைகள். கறுப்பினப் பெண்களுக்காகவே மாதாமாதம் வரும் பத்திரிகைகள். அப்போது எனக்கு அது தெரியாது. மேலே இருந்த ஒன்றின் அட்டைதான் முதலில் கண்ணில் பட்டது. மஞ்சள் உடுப்பு போட்ட ஒரு பெண். என்னைவிடக் கறுப்பு. நேராக என்னைப் பார்க்கிறாள். அவள் யாருக்கும் பின்னால் நிற்கவில்லை. எதையும் சுமக்கவில்லை. சிரிக்கக்கூட இல்லை, சிரிக்க வேண்டிய தேவை அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

நான் பார்த்த பத்திரிகை அட்டைகளை நினைத்துப் பார்த்தேன். பாளையங்கோட்டைக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் எந்தப் பத்திரிகையிலும் என் நிறத்தில் ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை. ஒன்றிரண்டு நகைச்சுவைத் துணுக்குப் படங்களில் பார்த்திருக்கலாம். கையை நீட்டி அவள் கன்னத்தின் மேல் வைத்தேன். எங்கே என் விரல் முடிகிறது, எங்கே அவள் கன்னம் தொடங்குகிறது என்று சட்டென்று தெரியவில்லை. எதையும் தொடாதே என்று அம்மா சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து ஸ்கூல் புத்தகம் பைக்குள்ளேயே தூங்கியது. ஒரு டாக்டரம்மா வெள்ளைக் கோட்டோடு. தன் சொந்த வீட்டுச் சமையலறையில் ஒரு பெண், எலுமிச்சை நிறச் சுவர், கையில் கரண்டி. வக்கீல் ஒருத்தி காலில் செருப்பில்லாமல் சோபாவில் சாய்ந்துகொண்டு எதையோ படிக்கிறாள். நரைத்த தலையோடு ஒரு அம்மாள் நீச்சல்குளத்தின் ஓரம் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். வாசனைத் திரவிய விளம்பரப் பக்கத்தில் ஒட்டியிருந்த மடிப்பைத் திறந்தால் மணக்கும். அதை மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டு, அம்மா வருவதற்குள் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவேன். ஒவ்வொரு பக்கமும் வழவழவென்று கனமாகத் திரும்பும். இவ்வளவு பேர் இருக்கிறார்களா, இவ்வளவு பேரும் இப்படி வாழ்கிறார்களா என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருப்பேன். என் இங்கிலீஷில் பாதி அங்கே கற்றதுதான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பத்திரிகை எனக்காக அச்சடித்தது இல்லை. அவர்கள் வீட்டு விருந்தில் அழைக்காமல் போய் உட்கார்ந்த பிள்ளை நான். ஆனால் அங்கே யாரும் என்னை எழுந்திரு என்று சொல்லவில்லை.

ஆன்ட்டிக்கு அந்த அலமாரிதான் உயிர். முதல் இதழிலிருந்து ஒன்றுவிடாமல் மாத வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தார். வாடிக்கையாளர்கள் இருந்து படிக்கலாம், வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. பிடித்த பக்கத்தின் எண்ணைப் பால்பாயின்ட்டால் அட்டை மூலையில் குறித்து வைப்பார். ஒருநாள் நான் ஒரு இதழை இடம் மாற்றி வைத்தபோது எடுத்துச் சரியாகச் செருகிவிட்டுச் சொன்னார்: "நான் உன் வயசுல இருந்தப்போ இது கிடையாது பேபி. எங்க வீட்டுக்கு வந்த பத்திரிகைல எங்களை மாதிரி ஒரு முகம் சோப்பு விளம்பரத்துல கூட வராது. அதனாலதான் ஒரு தாளைக்கூட நான் தொலைக்கிறதில்ல."

இதைக் கேட்டபிறகுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அதுதான் இன்றும் உறுத்துகிறது.

நவம்பர் மாத இதழில் பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு: இந்தக் குளிர்காலத்தில் உங்கள் கலர். அத்தை சொன்னது சரிதான்! குளிர்காலம் என்றே போட்டிருக்கிறதே! அவசரமாகப் புரட்டினேன். உள்ளே வெறும் உதட்டுச்சாயம், ஸ்வெட்டர், நகப்பூச்சு. நம்மூர்க் கலரைப் பற்றி ஒரு வரி கிடையாது. விடாமல் தேடிக்கொண்டே போனேன். கடைசிப் பக்கங்களில், ஒரு தொடர்கதை முடியும் தாளுக்குப் பின்புறம், சின்ன விளம்பரம் ஒன்று இருந்தது. ஒரே பெண்ணின் இரண்டு படம். முதலில் கறுப்பு, அடுத்ததில் வெளுப்பு. நிறத்தை மங்க வைக்கும் களிம்பு. கீழே வெட்டி அனுப்பக் கூப்பன்.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. ஆன்ட்டி முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவருக்குத் தலை அலசிக்கொண்டிருந்தார். தாளைக் கிழித்தேன். உலர்த்தி ஓடும் சத்தத்தில் கிழிந்தது கேட்கவில்லை. சோஷியல் ஸ்டடீஸ் புத்தகத்துக்குள் வைத்து மூடினேன்.

மூன்றாம் நாள் மாட்டிக்கொண்டேன். உலர்த்திக்குக் கீழே இருந்த பெண்ணுக்கு அந்தத் தொடர்கதையின் முடிவைப் படித்துக் காட்டப் போன ஆன்ட்டி, பக்கத்தைக் காணாமல் நின்றார். கிழிந்த ஓரத்தை விரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். நானே புத்தகத்தைத் திறந்து தாளை எடுத்து நீட்டினேன். அந்த நேரம் பார்த்துத்தானா அம்மா உள்ளே வர வேண்டும்? டியூட்டி உடுப்போடு, ஸ்வெட்டர் பட்டன் தப்பாகப் போட்டிருந்தாள்.

ஆன்ட்டி அமைதியாகத்தான் சொன்னார். பிள்ளை ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டது, ஏன் என்று அவளிடமே கேளுங்கள் என்றார். அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். அந்த இரண்டு படத்தையும் பார்த்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஆன்ட்டி பக்கம் திரும்பி, என்னை எப்படியாவது காப்பாற்றிவிடும் வேகத்தில், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஆரம்பித்தாள். மருந்துப் பெயர்களில் ஒரு பிழை விடாத அம்மா சொன்னது இது:

"சாரி மேடம். மை எல்டர் டாட்டர் இஸ் வெரி கலர்ட். எவ்ரிபடி லைக்ஸ். திஸ் ஒன் நாட் கலர்ட். ஐ ஆம் ஆல்ஸோ நாட் கலர்ட். தட் இஸ் ஒய் ஷீ இஸ் ஸேட்."

நம்மூரில் கலர் என்றால் வெளுப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரியவள் நல்ல கலர், சின்னவளுக்கு இல்லை, எனக்கும் இல்லை, அதனால் பிள்ளைக்கு வருத்தம். அம்மா சொன்னது அவ்வளவுதான். ஆனால் இந்த நாட்டில் அந்த வார்த்தை யாரைக் குறிக்கும் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

ஆன்ட்டி கையிலிருந்த சூட்டுச் சீப்பைக் கீழே வைத்தார். உலர்த்திக்குக் கீழே இருந்த பெண் மூடியைத் தூக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள். ஆன்ட்டியின் முகம் அப்படி இறுகி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்றுதான் அன்று நினைத்தேன். இன்று இந்த வயதில் தெரிகிறது, அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கிறது, இதற்கு முன்னாலும் பல தடவை கேட்டிருக்கிறது.

அவர் மெதுவாகக் கேட்டார். "நீங்க கலர்ட் இல்லன்னா வேற யாரும்மா?"

அம்மா குழம்பினாள். என் கையையும் தன் கையையும் சேர்த்துத் தூக்கிக் காட்டினாள். நேரில் நிற்பவருக்குக் கண் தெரியாதா என்கிற மாதிரி, பரிதாபமாகச் சொன்னாள்.

"பிளாக், மேடம். வி ஆர் பிளாக் ஒன்லி."

உலர்த்திக்குக் கீழே இருந்த பெண்தான் முதலில் சிரித்தாள். அடுத்தது ஆன்ட்டி. கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து, மறுபடி எழுந்து அப்படிச் சிரித்தார். அம்மாவைத் தொட்டு ஏதோ சொல்ல வந்தார். சிரிப்பு விடவில்லை. அம்மா தாளைக் கையிலேயே கசக்கிக்கொண்டு, என்னை இழுத்துக்கொண்டு வெளியேறிவிட்டாள்.

"ஒரு வார்த்த சொன்னேன், எல்லாருங் கூடிச் சிரிச்சாவ. எனக்க இங்கிலீசு அம்புட்டுக் கேவலமா? நாளையிலேருந்து நீ அங்க போவாண்டாம்."

அதோடு பார்லர் முடிந்தது. மறுநாள் முதல் பள்ளி நூலகத்தில் காத்திருக்கச் சொன்னாள். அங்கேயும் பத்திரிகைகள் இருந்தன. எல்லாவற்றையும் புரட்டினேன். என்னைப் போல ஒருத்தியும் இல்லை. மஞ்சள் உடுப்புக்காரியை இனிமேல் பார்க்கவே முடியாது என்று நினைக்கும்போதெல்லாம் அழுகை வந்தது. பார்லரைத் தாண்டி மாடி ஏறும்போது ஆன்ட்டி கண்ணாடிக் கதவு வழியாகக் கையசைப்பார். நான் குனிந்துகொண்டு ஏறிவிடுவேன்.

நாலைந்து நாள் கழித்து அக்கா என்னிடம் விஷயத்தைக் கறந்துவிட்டாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் நின்றாள்.

"அம்மா, கலர்டுன்னா இங்க கறுப்பு ஆட்களச் சொல்லுதது. பழைய வார்த்த. இப்ப யாரும் சொல்லக் கூடாது, இன்சல்ட்டு. ஹிஸ்டரி கிளாஸ்ல படிச்சோம்."

"அப்ப நா என்னட்டி சொல்லியிருக்கேன்?"

"பெரியவ கறுப்பு. சின்னவ கறுப்பில்ல. நானும் கறுப்பில்ல. அதனால சின்னவளுக்குக் கவலன்னு சொல்லியிருக்க."

அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா சிரிக்கவில்லை. மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் தன் புறங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவியள மொகத்துக்கு நேரா அப்பிடியா சொன்னேன்" என்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, கூந்தலை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் காட்டினாள். அங்கே ஒரு வெளுத்த தழும்பு. அது பிறவியிலேயே இருப்பது என்று நினைத்திருந்தேன்.

"கல்யாணத்துக்கு முன்னால ஒரு களிம்பு போட்டேன். ஒங்க அத்த வாங்கிட்டு வந்து தந்தாவ. வெந்து போச்சு. நர்சு படிச்ச எனக்கே புத்தியில்ல, ஒன்னச் சொல்லி என்ன செய்ய."

நான் அம்மாவை அதுவரை ஒரு சின்னப் பெண்ணாக யோசித்ததே இல்லை. அன்று யோசித்தேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கீழே போனாள். ஒரு கையில் இஸ்திரி போட்டு நீவிய அந்தத் தாள். இன்னொரு கையில் காயத்துக்குப் போடும் வெள்ளை டேப் சுருள். உள்ளே போனவள் பேசவில்லை. அந்த இதழை எடுத்துத் தரச் சொல்லி, நின்றபடியே, காயத்துக்குக் கட்டுப் போடுவது போல ஓரம் ஓரமாகத் தாளை ஒட்டினாள். முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். வீட்டில் அக்காவோடு பழகிவைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துவிட்டன. "இன் மை பிளேஸ், கலர் மீன்ஸ் ஒயிட்" என்றாள். அவ்வளவுதான் வந்தது. அத்தை சொன்ன அமெரிக்கத் தண்ணீர், குளிர், எல்லாவற்றையும் நான்தான் இடையில் புகுந்து சொல்லி முடித்தேன்.

"தண்ணி குடிச்சா கலர் வருமா?" என்று ஆன்ட்டி இரண்டாம் முறை கேட்டார். பிறகு சொன்னார்: "எங்க ஊர் தெற்குல இருக்கு. சின்ன வயசுல தண்ணிக் குழாய்க்கு மேல கலர்ட்ங்கிற அந்த வார்த்தையைத்தான் போர்டு எழுதி மாட்டியிருந்தாங்க. நான் குடிக்க வேண்டிய குழாய் எதுன்னு காட்டுறதுக்கு. அன்னைக்கு அது உங்க வாயிலேர்ந்து வந்ததும் சீப்பைக் கீழ வச்சுட்டேன். அப்புறம் நீங்க வி ஆர் பிளாக் ஒன்லின்னு சொன்னீங்க. எங்க அலமாரி முழுக்கச் சொல்ல வர்றதை நீங்க நாலே வார்த்தையில சொல்லிட்டீங்க. அதுக்குத்தான் சிரிச்சேன். உங்களைப் பாத்து இல்ல."

"எங்க ஊர்லயும் தனிக் குழாய் உண்டு, வேற பேர்ல" என்று அம்மா தமிழில் சொன்னாள், நான் இங்கிலீஷில் சொன்னேன்.

ஆன்ட்டி ஒட்டிய தாளைத் திருப்பி அந்த விளம்பரத்தைப் பார்த்தார். "ஒரு தாளைத் தொலைக்க மாட்டேன்னு பீத்திக்கிறேன். இது பின்னாடி இருக்கற மாதிரி விளம்பரத்தையெல்லாம் இத்தனை வருஷம் பாக்காத மாதிரி புரட்டிட்டுப் போயிருக்கேன்" என்றார். கொண்டைப் பென்சில் போதாது என்று பால்பாயின்ட்டை எடுத்து அந்த இரண்டு படத்தின் மேலும் பெரிய பெருக்கல் குறி போட்டார். பேனாவை என்னிடம் கொடுத்தார். நானும் அதன் மேலேயே ஒன்று போட்டேன்.

கிறிஸ்துமஸ் போட்டோவுக்குப் போக வேண்டிய அன்று அம்மா என்னை மட்டும்தான் தலை வாரக் கூட்டிப்போனாள். என்னை முடித்துவிட்டு ஆன்ட்டி நாற்காலியைத் தட்டி அம்மாவைப் பார்த்தார். அம்மா பின்வாங்கினாள். சர்ச் சபையில் என்ன சொல்லுவார்கள் என்று என்னிடம் முணுமுணுத்தாள். ஆன்ட்டி நவம்பர் இதழைத் திறந்து அந்தத் தலைப்பைக் காட்டினார். உதட்டுச்சாயப் பக்கத்தில் அம்மாவின் நிறத்தில் ஒருத்தி. "இதுதான் உங்க கலர்" என்றார், ஒரு கருஞ்சிவப்பைத் தொட்டு. அம்மாவிடம் உனக்குக் கலர் இருக்கிறது என்று யாராவது சொன்னது அன்றுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். போய் உட்கார்ந்துவிட்டாள்.

எழுந்தபோது அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அட்டையில் பார்த்த பெண்களை எல்லாம் எங்கோ தூரத்தில் இருப்பவர்கள் என்று நினைத்திருந்தேனே, அவர்களில் ஒருத்தி எங்கள் வீட்டிலேயே சோறு பொங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்! கிளம்பும்போது ஆன்ட்டி அம்மாவின் தோளைப் பிடித்துச் சொல்லி அனுப்பினார்: "போட்டோக்காரன் வெளிச்சத்தை உங்க பெரிய பொண்ணு மேல வைப்பான். உங்க பக்கம் திருப்பச் சொல்லுங்க. ஃபைன்னு சொல்லுவான். ஃபைன் இல்லன்னு சொல்லுங்க."

அப்படியே நடந்தது. பெரிய கடையின் மூலையில் ஸ்டூடியோ. விளக்கு அக்கா பக்கம். அம்மா, "லைட் திஸ் சைட், ப்ளீஸ்" என்றாள். அந்த ஆள், "இட்ஸ் ஃபைன்" என்றார். எந்த டாக்டரிடமும் எதிர்த்துப் பேசாத அம்மா, அத்தைக்கு முன்னால் தலை நிமிராத அம்மா, நெஞ்சில் கைகட்டிக்கொண்டு, "நாட் ஃபைன்" என்றாள். அப்பா தும்மினார். விளக்கு திரும்பியது.

அதுவரை எல்லாப் படங்களிலும் நான் பல்லும் கண்ணும்தான். இந்தப் படத்தில் என் மூக்கு இருந்தது, கன்னம் இருந்தது, நெற்றியில் சின்ன வயதில் விழுந்த தழும்பு இருந்தது. பவுடர் இல்லை. பக்கத்தில் அம்மா. சிரிக்கவில்லை. நேராகப் பார்க்கிறாள். அப்பா அந்தப் படத்தை வாங்கி, அம்மாவைப் புதிதாகப் பார்ப்பவர் போல நிமிர்ந்து பார்த்தார்.

அத்தைக்கு அனுப்பும் படத்தின் பின்புறத்தில் அம்மா தமிழில் எழுதினாள். நான் அவள் தோள் வழியாகப் படித்தேன். "சின்னவளுக்குக் கலர் வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது."

பதில் வரப் பிப்ரவரி ஆகிவிட்டது. வெளியே பனி கொட்டிக் கிடந்தது. அம்மா ஏரோகிராமைக் கிழித்துச் சத்தமாகப் படித்தாள். "போட்டோ கிடைத்தது. கலர் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். எல்லாரும் முற்றத்து வெயிலில் வைத்து வைத்துப் பார்த்தோம். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. போட்டோக்காரன் சரியில்லையோ?"

அம்மா கடிதத்தை இறக்கினாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். பார்த்தால் சிரிப்பு! காலில் வெறும் சாக்ஸோடு, கோட்டுகூடப் போடாமல், கடிதத்தைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கி ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். ஆன்ட்டி யாருக்கோ தலை வாரிக்கொண்டிருந்தார்.

"மேடம்! மை சிஸ்டர்-இன்-லா ஸேஸ், நோ கலர்!" என்றாள் அம்மா, மூச்சு வாங்க.

ஆன்ட்டி சூட்டுச் சீப்பை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "அவங்களை இங்க வரச் சொல்லுங்க. எங்க ஊர்க் குழாய்ல ஒரு டம்ளர் குடிச்சா வந்துடும்."

இரண்டு பேரும் ஒரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நிற்க முடியாமல் சிரித்தார்கள். போன வாரம் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எனக்கு வந்தது அந்தச் சிரிப்புதான்.